கைக்கு எட்டாத பல்ப்

என் அன்புள்ள இஞ்சாருங்க,

உங்களைப் பெயர் சொல்லி ஒரு நாளும் அழைத்ததில்லை. கடிதத்தில் மட்டும் புதிதாகப் பழகுவானேன்? குசினிக்குள் நின்று "இஞ்சாருங்க" என்று குரல் கொடுத்தால், வளவின் எந்த மூலையில் நின்றாலும் "என்னகா" என்று கேட்பீர்களே, அதே குரலில்தான் இதையும் எழுதுகிறேன். கேட்கிறதா? கேட்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். எனக்கு உங்களோடு பெரிய கோபம் இருக்கிறது.

ஆண்டுத் திவசம் நெருங்குகிறது. உங்கள் தம்பி நினைவஞ்சலி அட்டை அடிக்கப்போவதாகச் சொல்லி, அதில் போடும் வாசகத்தை எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினார். "எங்கள் குடும்பத்தின் அணையா ஒளிவிளக்கே" என்று தொடங்கியது. எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். மனுசி தனியே இருந்து இருந்து மூளை குழம்பிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார், பாவம்.

"ஒளிவிளக்கு எண்டு போடாதீங்க மச்சான்," என்றேன். "அவர் இந்த வீட்டில போட்ட லைற் ஒண்டும் ஒழுங்கா எரியல்ல."

"அது ஒரு மரியாதைக்குச் செல்லுறதுதானே மச்சாள்."

"மரியாதைக்கு வேற என்னத்தையும் போடுங்க. விளக்கு மட்டும் வேணாம்."

"அப்ப நீங்களே எழுதுங்க" என்று தாளை என் கையில் தந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அட்டையில் நாலு வரிக்குத்தான் இடம். எனக்குச் சொல்ல இருப்பது நாலு வரிக்குள் அடங்குமா? அட்டைக்கு உங்கள் பெயரும் ஊரும் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். பழுகாமத்தில் உங்களைத் தெரியாதவர்கள் யார்?

ஊருக்கு நீங்கள் வட்டை விதானை. வாய்க்கால் தண்ணீரை எவன் வயலுக்கு எப்போது திருப்புவது, எவன் காத்திருப்பது என்று முறை வைத்தவர். வயல்வட்டை முழுவதும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. சண்டை வராமல் தண்ணீர் பங்கிட்டீர்கள், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து வெளிச்சத்துக்கும் முறை வைத்தீர்களே, அதை நான் யாரிடம் சொல்லி அழ?

ஹோலில் லைற் எரிந்தால் குசினியில் எரியக்கூடாது. குசினியில் எரிந்தால் அறையில் எரியக்கூடாது. நான் கொதிக்கிற சட்டியை இறக்குகிற நேரம் பார்த்துச் சுவிட்சுக்கு உங்கள் கை நீளும். "அங்க இப்ப என்னத்துக்கு?" என்பீர்கள். இருட்டுக்குள் சட்டியோடு நின்று நான் கத்துவேன். மறுபடி போட்டுவிட்டு, ஏதோ எனக்கு மேலதிகமாக ஒரு முறை தண்ணீர் விட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போவீர்கள்.

வீடு என் தாய் எனக்குத் தந்த சீதனம். நம் பக்கத்தில் அப்படித்தானே, வீடு பெண்ணுக்கு, ஆண் வந்து சேர்கிறவர். கூரை ஒழுகினால் "உன்ட வீடு ஒழுகுது" என்பீர்கள். கறையான் ஏறினால் "உன்ட வீட்டில கறையான்" என்பீர்கள். கறண்ட் மட்டும் உங்களுடையது. எந்த இடத்தில் என்ன பல்ப் போடுவது என்பதில் என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கிறீர்களா?

பேச விட்டிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. ஹோலில் அமுக்கித் திருப்புகிற பின் பல்ப். ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் உள்ள நடையில் சுற்றி முறுக்குகிற ஸ்குறூ பல்ப். அந்த ஹோல்டர் கோயில் திருவிழாச் சோடனை கழற்றியபோது மிஞ்சியது, வீணாகப் போகக்கூடாது என்று நீங்கள் கொண்டுவந்து மாட்டியது. அறையில் மறுபடி பின். குளியலறையில் விரல் பருமனில் கழுத்துள்ள ஒரு குட்டி ஸ்குறூ, கட்டாரில் இருந்து வந்த உங்கள் சினேகிதர் தந்த அலங்கார விளக்கின் மிச்சம். அதற்குப் பொருந்தும் பல்ப் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே கிடையாது என்று நினைக்கிறேன்.

"எல்லாத்தையும் ஒரே மாதிரிப் போட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "கிடக்கிறத ஏன் வீசுவான்?" என்றீர்கள். எது எங்கே என்பது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தது. அந்த ஞானத்தை ஒருவருக்கும் சொல்லாமல், விதைப்புக்கு முந்திய ஒரு காலையில் கதிரையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அதைவிடப் பெரிய அநியாயம் உயரம். நீங்கள் நெடுத்த மனுசன். எந்த பல்பையும் உங்கள் கைக்கு அளவாகத்தான் தொங்கவிட்டீர்கள். முக்காலியில் ஏறினால் உங்களுக்குச் சுகமாக எட்டும். நான் முக்காலியில் ஏறி, நுனிக்காலில் நின்று, கையை நீட்டினால், என் விரலுக்கும் பல்புக்கும் இடையில் ஒரு சாண் வெறும் காற்று. இத்தனை காலம் இது எனக்குத் தெரியவே இல்லை. நான் ஒரு பல்பைத் தொட்டதே இல்லையே.

நீங்கள் போன பிறகு அவை ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போகத் தொடங்கின. நடைபாதைக் கடையில் மலிவு என்று மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தீர்களே, கூடப் பிறந்தவை எல்லாம் கூடவே போகாமல் என்ன செய்யும்? முதலில், அந்தக் கூட்டத்தில் சேராத குளியலறைக் குட்டி. அதற்கு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்தேன். பிறகு நடை. அதைச் சமாளிக்க முடியவில்லை. குசினிக்குப் போக அந்த வழி ஒன்றுதான்.

களுவாஞ்சிக்குடிக்குப் போய் "ஒரு பல்ப் தாங்க" என்று கேட்டேன். கடைக்காரப் பிள்ளை ஒன்றை எடுத்துத் தந்தது. பல்பில் சாதி, பிரிவு எல்லாம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனா ஆவன்னா படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்கு வந்து, கதிரைக்கு மேல் முக்காலியை வைத்து, அதற்கு மேல் நான் ஏறினேன். ஏசாதீர்கள், வேறு எப்படி எட்டுவது? கையில் இருந்தது பின் பல்ப். பழையதை எப்படியோ கழற்றிவிட்டேன், மேலே இருந்தது முறுக்குகிற ஹோல்டர். அது ஏன் உள்ளே போகவில்லை என்று அமுக்கினேன், இன்னும் அமுக்கினேன். முக்காலி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். குசினிக் கதவு நிலையில் முகம் அடிபட்டது.

எலும்பு முறியவில்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. நிலத்தில் இருந்தபடியே உங்களைத்தான் ஏசினேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். பக்கத்து வளவில் இருக்கும் குகன், அதுதான் வயரிங் வேலை செய்கிற குகன், சத்தம் கேட்டு ஓடிவந்து என்னைத் தூக்கினான். "ஆரோட அக்கா சண்டை?" என்று கேட்டான். அவனிடம் என்னத்தைச் சொல்ல?

குகனிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினேன். வதனிக்குச் சொல்லக்கூடாது.

நம் மகளை உங்களுக்குத் தெரியும். உங்கள் செல்லம். அவளுடைய கலியாணத்துக்கு இந்த வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுத்தோம், வழமைப்படி. நாம் இருக்கும்வரை இருக்கலாம் என்பது வாய்ப்பேச்சுத்தான், வீட்டு உறுதிப் பத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இப்போது வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறாள். நீங்கள் போன நாளில் இருந்து ஒரே பல்லவி. "நீங்க அங்க தனிய இருக்கேலா அம்மா. இஞ்ச வந்திருங்க." களுவாஞ்சிக்குடி வங்கிக்கு மாற்றலாகி வந்த ஒரு மனேஜர் குடும்பம் வாடகைக்கு வீடு தேடுகிறதாம், நம் வீட்டைக் கேட்கிறதாம். "இனி ஒரு பிரச்சினை வந்தாலும் யோசிக்க மாட்டன். வீட்ட அவருக்குக் குடுத்துப்போட்டு உங்களக் கூட்டிக்கொண்டு வந்துடுவன்" என்று சொல்லிவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. தகப்பனைத் திடீரென்று பறிகொடுத்தவள், தாயையும் அப்படிப் பறிகொடுக்கப் பயப்படுகிறாள்.

ஆனால் எனக்குப் போக விருப்பம் இல்லை. விஷயம் அவ்வளவுதான். நான் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். விளக்கெல்லாம் மேல்தட்டுக்குள் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று எரியாவிட்டால் கீழே காவல்காரரிடம் சொன்னால் போதுமாம். குடியிருக்கிறவருக்குத் தொட ஒன்றும் இல்லை. காலையில் பின்வளவால் இறங்கி வாவிக்கரைக்குப் போய், தோணியில் இருந்து இறக்கின மணலை மீனைச் சாடையாகப் பேரம் பேசி வாங்கி வருகிறவள் நான். மாடியில் இருந்து யாரோடு பேரம் பேச?

ஆகவே மறைத்தேன். வதனி பின்னேரங்களில் வீடியோவில் கோல் எடுப்பாள். அடிபடாத பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஹோலில் இருந்து பேசினேன். உங்கள் மஞ்சள் பல்ப் அந்த ஒரு உபகாரத்தைச் செய்தது. அதன் வெளிச்சத்தில் எவருடைய முகமும் எவருக்கும் தெரியாது. "என்னம்மா இருட்டா இரிக்கு?" என்பாள். "உன்ட அப்பாட லைற் புள்ள" என்பேன். அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

பிறகு ஹோல் பல்பும் கண்ணடிக்கத் தொடங்கியது. எரியும், நூரும், எரியும். விடுமுறைக்கு வதனி வருவதற்கு முன்னால் வீட்டை ஒழுங்காக்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். வந்து பார்க்கட்டும். மூலைமுடுக்கெல்லாம் பளிச்சென்று எரியட்டும். "அம்மா நல்லா வச்சிருக்கிறா" என்று அவள் வாயால் சொல்லட்டும். அப்புறம் எந்த மனேஜருக்கு வீடு?

இந்தமுறை புத்தியோடு போனேன். போன பல்புகளோடு கண்ணடிக்கிற ஹோல் பல்பையும் குகனைக் கொண்டு கழற்றுவித்து, கடதாசியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, பஸ் மாறிக் காத்தான்குடிக்குப் போய் இறங்கினேன். அங்கே கிடைக்காத சாமான் உண்டா? கடைக்காரத் தம்பி ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பின் ஒண்டு, ஸ்குறூ ஒண்டு. இந்தக் குட்டி இல்ல அக்கா, இது எங்க புடிச்ச நீங்க?" என்று கேட்டார்.

"நான் புடிக்கல்ல தம்பி. எங்கட ஆள்."

"வோர்ம் வைற்றா, கூல் டே லைற்றா?"

இப்போது சொல்லுங்கள். வோர்ம் என்றால் சூடு. கூல் என்றால் குளிர். அந்தளவுக்கு ஆங்கிலம் எனக்கும் தெரியும். வெளியே தார் றோட்டில் கால் வைக்க முடியாத வெயில். கடைக்குள் மின்விசிறி சுற்றியும் முதுகில் வேர்வை ஓடுகிறது. இந்த மட்டக்களப்பு வெக்கைக்குள் எந்த விசர் மனுசி காசு கொடுத்துச் சூடான வெளிச்சம் வாங்குவாள்? கூல் என்றால் கண்ணுக்குக் குளிர்மையாக, மெல்லமாக, நிலவு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

"கூலே தாங்க தம்பி. சூடான லைற் ஆருக்கு வேணும்?"

"எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க அக்கா," என்று சிரித்தார். "எத்தின வோற்ஸ்?"

அதிலும் என் பழைய கணக்கு. நம் வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்புகளில் பெரிய பெரிய இலக்கம் இருக்கும், வெளிச்சம் கொஞ்சமாக இருக்கும். இங்கே எல்லாம் சின்ன இலக்கமாகக் கிடந்தது. சின்ன இலக்கம் என்றால் இன்னும் மங்கலாகத்தானே இருக்கும்? "இருக்கிறதில பெரிசாத் தாங்க" என்றேன். எரித்துக் காட்டினார். அந்தக் கடையே நூறு லைற்றில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு பல்ப் கூட எரிந்தால் என்ன வித்தியாசம் தெரியும்? "பெட்டியக் கிழிக்காம வச்சிருங்க, சரிவராட்டி மாத்தித் தருவன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, கண்ணுக்குக் கீழ?" என்றார். "மாங்கொப்பு பட்ட" என்றேன். பஸ்ஸில் வரும்போதே பெட்டியைக் கிழித்துவிட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் அவதியில்.

நடையில் இருந்த கோயில் ஹோல்டர் கருகிப்போயிருப்பதாகவும், புதிது வாங்கிவந்துதான் மாட்ட வேண்டும் என்றும் குகன் சொன்னான். ஹோல் பல்பை மட்டும் அவனே ஏறிப் போட்டான். விளக்கு வைக்கிற நேரம். சாமி கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

அடேயப்பா. நிலவாம், குளிர்மையாம்! ஓட்டமாவடிக் கடைத்தெருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஹோலுக்குள் வைத்ததுபோல இருந்தது. சுவரில் உங்கள் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய் படிந்த இடம் தெரிந்தது. ஒட்டறை தெரிந்தது. நாற்காலிப் பின்னலின் கிழிசல் தெரிந்தது. இந்த அழுக்குக்குள்ளா இத்தனை காலம் குடும்பம் நடத்தினோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்ன அக்கா, ஹொஸ்பிற்றல் மாதிரி இரிக்கு" என்றான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாய் பிளந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதை மறந்து எடுத்துவிட்டேன். காயம் ஆறிவிட்டது என்ற நினைப்பும் இருந்தது. அறைக் கண்ணாடியில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லையே! எந்த வெளிச்சத்தில் பார்த்தேன் என்பதை யோசிக்கவில்லை.

"அம்மா! முகத்துல என்ன?"

"லைற் புதுசு புள்ள. எப்பிடி இரிக்கு?"

"லைற்றக் கேக்கல்ல. கண்ணுக்குக் கீழ என்ன அது?"

"நிழல்."

"நிழல் ஊதா நிறத்திலயாம்மா விழும்?"

நான் வாயைத் திறக்குமுன், முக்காலியில் நின்ற குகன் குனிந்து போனுக்குள் முகத்தை நீட்டி, "அது அண்டைக்கு விழுந்ததுதான் புள்ள, இப்ப சுகம்" என்றான். சத்தியம் பண்ணியவன்! வதனி அழுகிறாளா, கோபமா என்று பார்க்குமுன் போனை வைத்துவிட்டாள்.

வார முடிவில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையை வைத்த கையோடு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நடைக்குப் போய் சுவிட்சைத் தட்டினாள், எரியவில்லை. குளியலறையில் தட்டினாள், எரியவில்லை. தேத்தண்ணீர் போட்டு வைத்தேன், அது ஆறிக்கொண்டிருந்தது.

"இதாம்மா நீங்க நல்லா இருக்கிற இருப்பு? அப்பா இருந்திருந்தா இப்பிடி நடந்திருக்குமா?"

"அப்பா இருந்ததாலதான்டி விழுந்தன்!" என்றேன். எனக்கும் அடக்க முடியவில்லை. "ஒரு வீட்டில மூண்டு விதத்துக்கு லைற். அதுவும் ஆகாயத்துல. மனுசன் போகக்குள்ள ஒரு வார்த்த செல்லிப்போட்டுப் போனாரா?"

"அப்பாவக் குறை செல்லாதீங்க."

"நான் செல்லாம வேற ஆர் செல்லுறது? நான்தானே விழுந்த."

அவள் முகம் வாடிவிட்டது. அவளுக்கு நீங்கள் இன்னும் கடவுள். எனக்கு நீங்கள் புருஷன். இது அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது? "நாளைக்கு மனேஜர் வீடு பாக்க வாறார். நான் வரச் செல்லிட்டன்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தால் நடையில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வதனி ஏறி நிற்கிறாள். நான் எப்படி விழுந்தேன் என்று பார்க்க நினைத்தாளோ, என்னவோ. நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். உயரத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள் என்பதை மறந்துவிட்டீர்களா? அவள் விரலுக்கும் ஹோல்டருக்கும் இடையில் அதே ஒரு சாண்.

"இது ஏன்மா இவ்வளவு உசரத்துல?"

"உன்ட அப்பாக்கிட்டக் கேள்."

அவள் கையை இறக்கவில்லை. எட்டாது என்று தெரிந்தும் நீட்டிக்கொண்டே நின்றாள். நான் போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குக் கொழும்பு வேணாம் மகள்," என்றேன். "ஆரும் வந்து பாக்கவும் வேணாம். இந்த லைற்றுகள என்ட கைக்கு இறக்கித் தந்தாக் காணும். நான் இருந்துக்குவன்."

இறங்கி வந்து முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். "குகன் மாமாவக் கூப்பிடுங்க. பாப்பம். ஆனா நான் இன்னும் முடிவு ஒண்டும் செல்லல்ல" என்றாள். வாயைத் திறந்து அவ்வளவாவது சொன்னாளே.

மறுநாள் காலையில் குகன் வந்தான். வதனியும் அவனுமாகக் களுவாஞ்சிக்குடிக்குப் போய், எல்லாம் ஒரே மாதிரி ஹோல்டர், எல்லாம் பின், வாங்கி வந்திருந்தார்கள். பல்புக்கு அவள் கேட்டு வாங்கியது வோர்ம் வைற். போட்டுப் பார்த்தால் உங்கள் பழைய மஞ்சளேதான், கொஞ்சம் முகம் கழுவியது போல. அதற்கு வைற் என்று பெயர் வைத்தவனை என் வகுப்பில் ஒரு கிழமை இருத்த வேண்டும். நான் வாங்கிய டே லைற் கிணற்றடிக்குப் போனது. அங்கே கிடந்து எரியட்டும்.

அறை முடிந்தது, ஹோல் முடிந்தது, குசினியும் குளியலறையும் முடிந்தன. கடைசியாக நடை. குகன் கோயில் ஹோல்டரைக் கழற்றிவிட்டுப் புது வயரைக் கூரை வளையில் இருந்து கீழே விட்டான். "கையத் தூக்குங்க அக்கா, அளவு பாக்க" என்றான். நிலத்தில் நின்றபடி கையைத் தூக்கினேன். வயர் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ஹோல்டர் என் உள்ளங்கையில் வந்து இருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக இந்த வீட்டில் லைற்றுகள் எனக்கு அளவாக வருகின்றன. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கொஞ்சம் மேல தூக்கு தம்பி. அவருக்குத் தலை இடிக்கும்."

"ஓம் அக்கா," என்று குகன் வயரை மேலே இழுத்தான். அவனும் யோசிக்கவில்லை. ஹோல்டர் என் கையை விட்டு மேலே போனது. பிறகுதான் அவன் கை நின்றது. நான் தூக்கின கையோடு அப்படியே நின்றேன்.

அழுதேன். செத்தவீட்டில்கூட அப்படி நான் அழவில்லை. எதற்கு என்று கேட்டால், முதலில் கோபத்துக்குத்தான். ஒரு வருடமாகப் போகிறது, இன்னும் உங்கள் தலைக்கு நான்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டீர்கள், உங்கள் உயரத்தை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். இனி இந்த வீட்டில் எந்த லைற்றை எவ்வளவு இறக்கினாலும் ஒருவருடைய தலையும் இடிக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வதனி வந்து என் தூக்கின கையைப் பிடித்தாள். இறக்க விடவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டாள். "இறக்குங்க மாமா," என்று குகனிடம் சொன்னாள். "அம்மாட கை எட்டுற அளவுக்கு இறக்குங்க."

குகன் இறக்கினான். முடிச்சுப் போட்டான். பல்பை என்னிடமே தந்தான். அமுக்கித் திருப்பினேன். அது எவ்வளவு சின்ன வேலை! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணினீர்கள்?

வதனி போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நான் குசினியில் நின்றேன், ஆனாலும் அவள் பேசியது கேட்டது. "இல்ல சேர், குறை நினைக்காதீங்க. இண்டைக்கு வர வேணாம். வாடகைக்குக் குடுக்கேலா. வீட்டில ஆள் இரிக்கு."

அவள் திரும்பிப் போய்விட்டாள். அவள் கட்டளைப்படி கதிரையும் முக்காலியும் குகன் வீட்டில் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை அறையில் இருந்து எழுதுகிறேன். ஹோலிலும் எரிகிறது, நடையிலும் எரிகிறது, குசினியிலும் எரிகிறது. எல்லாம் ஒரே நேரத்தில். பார்த்துக்கொண்டு இருங்கள், ஒன்றையும் நூர்க்கமாட்டேன்.

உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன். குகன் பண்ணின மாதிரிச் சத்தியம் இல்லை. இனி எதிலும் ஏறமாட்டேன். இந்த வீட்டில் எந்த பல்ப் போனாலும் நிலத்தில் நின்றபடி நானே மாற்றுவேன், இந்தக் கையைத் தூக்க முடிகிற நாள்வரைக்கும்.

நீங்கள் எப்போதாவது இந்தப் பக்கம் வருவதென்றால், குனிந்து வாருங்கள்.

உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் வீட்டுக்காரி